பெயின்ற் பூசி ஒட்டிய மூடி திறக்காது: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளர் அவர்களுக்கும்,

சந்தையைச் சுற்றியுள்ள நான்கு தீயணைப்பு நீர்க்குழாய்களையும் இனிமேல் வெளியாட்கள் யாரும் துப்புரவு செய்யவோ, நிறம் பூசவோ, அலங்கரிக்கவோ கூடாது என்று நீங்கள் எடுத்த முடிவை மீளப்பெற வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். அந்த முடிவு எங்கள் சனசமூக நிலையத்துக்குக் கடிதமாக வந்தது. நாங்களும் எழுத்தில் பதில் கொடுத்தோம். மறுமொழி இல்லை. நேரில் வந்து கேட்டபோது கோப்பு இன்னும் மேலே போகவில்லை என்றார்கள். கோப்பு மேலே போவதற்குள் சந்தையில் நெருப்புப் பிடித்துவிட்டது. ஆகவே இப்போது எல்லோரும் வாசிக்கக்கூடிய விதத்தில் எழுதுகிறேன்.

நான் சந்தையில் தையல்கடை வைத்திருப்பவள். மெசினில் இருந்து தலையை நிமிர்த்தினால் நான்கில் ஒரு குழாய் நேரே தெரியும். அவற்றைப் பராமரித்த தொண்டர்களில் நானும் ஒருத்தி. கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிய குழாய்நீர்த் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தபோது இவற்றை நட்டார்கள். மூன்று, இடுப்பளவு உயரத்தில் நிலத்துக்கு மேல் நிற்பவை. நான்காவது நிலத்துக்குள், இரும்பு மூடிக்குக் கீழே. நட்டவர்கள் போன பிறகு அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெற்றிலை எச்சில், கிழிந்த போஸ்டர், மாட்டுக் கயிறு, அழுகிய வாழைத்தண்டு எல்லாம் அவற்றின் மேல்தான். ஒரு முறை பக்கத்து நகரத்துத் தீயணைப்புப் பிரிவினர் விழிப்புணர்வு நிகழ்ச்சிக்காகச் சந்தைக்கு வந்தார்கள். வந்தவர்கள் முதலில் கேட்டது, "உங்கட ஹைட்ரன்ற் எங்க இருக்கு?" என்றுதான். மீள்குடியேறிய நாளில் இருந்து இங்கே வியாபாரம் செய்கிறவர்களால்கூட உடனே காட்ட முடியவில்லை. கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், வாழைக்குலைக் குவியலுக்குப் பின்னால்.

அன்றைக்கு எங்களுக்கு வந்த பயம் சும்மா வந்த பயம் இல்லை. 2016 செப்டம்பர் 16 ஆம் திகதி இரவு கிளிநொச்சிச் சந்தை எரிந்ததை இந்தப் பக்கத்தில் மறந்தவர் யாரும் இல்லை. புடவைக் கடைகளும் பழக்கடைகளும் வரிசை வரிசையாகச் சாம்பலாயின. அன்றைக்குக் கிளிநொச்சியில் ஒரு தீயணைப்பு வண்டி இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடி வரவேண்டியிருந்தது. போருக்குப் பிறகு கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, திரும்பவும் முதலில் இருந்து தொடங்கிய வியாபாரங்கள் அவை. அதற்குப் பிறகுதான் கிளிநொச்சிக்கென்று தீயணைப்புப் பிரிவு வந்தது. எங்கள் சந்தையிலும் அதே புடவை, அதே பிளாஸ்ரிக், அதே தகரக் கூரை, அதே காஸ் சிலிண்டர். சில கடைகளுக்குப் பின்னால் இன்னும் கிடுகுக் கொட்டில்கள். வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் சோளகக் காற்று விடாமல் அடிக்கும். ஒரு பொறி போதும்.

தீயணைப்பு வண்டி சுமந்து வருகிற தண்ணீர் சில ஆயிரம் லீற்றர்தான். பெரிய குழலைத் திறந்தால் அது நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வண்டிக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியது இந்தக் குழாய்தான். குழாய் எங்கே என்று தெரியாவிட்டால், அல்லது தெரிந்தும் திறக்க முடியாவிட்டால், வண்டி வந்தும் பிரயோசனம் இல்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் "அனுமதியின்றிச் சேதப்படுத்தல்" என்று ஒரு வரி இருப்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவில் பிளம்பர் அண்ணை ஒருவர் இருக்கிறார். குழாயில் வேலை தொடங்க முன்னம் அவர் எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டார்: வால்வில் யாரும் கை வைக்கக் கூடாது. பெரிய குழாயில் ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அந்த வேகம் முழுக்கத் திரும்பிக் குழாயையே அடிக்கும். மூட்டுகள் விடும். எங்கேயோ தள்ளி, வீதிக்குக் கீழே வெடிக்கும். அதனால் திறப்பதும் மூடுவதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை என்று சொன்னார். அந்தக் கட்டளையை நாங்கள் ஒருநாளும் மீறவில்லை.

பற்றையை வெட்டினோம். எச்சிலையும் போஸ்டர் பசையையும் சவர்க்காரத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினோம். துருவைக் கம்பித் தூரிகையால் உரசி, ரெட் ஒக்சைட் பூசி, அது காய்ந்த பிறகு சிவப்பு அடித்தோம். வாய் மூடியின் ஓரத்திலும், மூடியைத் திருகிப் பூட்டுகிற புரி இருக்கிற இடத்திலும், மேலே சாவி போடும் முனையிலும் ஒரு துளி பெயின்ற் படக்கூடாது என்று அந்த இடங்களுக்கெல்லாம் ஒட்டுநாடா சுற்றினோம். சங்கிலியைத் தனியாகக் கடதாசியில் பொதிந்தோம். பெயின்ற் காய்ந்ததும் நாடாவை உரித்துவிட்டு, வெளியில் தெரிகிற இரும்பில் மெல்லிசாகக் கிறீஸ் தடவினோம். புரிக்குள் பெயின்ற் இறங்கினால் மூடி ஒட்டிப்போகும் என்று அதே பிளம்பர் அண்ணைதான் சொல்லித் தந்தார். பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள இந்த ஒரு விஷயத்தைத் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள்.

அப்புறம் படங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வரைந்தார்கள். ஒன்றில் குளத்தில் நிற்கிற கொக்கும் ஆம்பலும். ஒன்றில் பனை வடலி. என் கடைக்கு நேரே நிற்பதில் ஒரு மீன்கொத்தி. அதை வரைந்த பிள்ளை இறகின் நீலம் சரியாக வரவில்லை என்று மூன்று நீலத்தைக் கலந்து கலந்து பார்த்தது. என்ன வரையலாம் என்பதற்கு நாங்களே வரம்பு வைத்தோம். கட்சி நிறம் இல்லை, கொடி இல்லை, யாருடைய முகமும் இல்லை, யாரும் வேறு அர்த்தம் கற்பிக்கக்கூடிய எதுவும் இல்லை. எங்கள் மண்ணில் ஒரு பூவின் படத்துக்கும் விசாரணை வரும் என்று எங்களுக்குத் தெரியாதா? தைப்பொங்கலுக்கு அடியில் கோலம் போட்டு, மாவிலைத் தோரணம் கட்டினோம். அன்று பின்னேரமே தோரணத்தை அவிழ்த்தும் விட்டோம். வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில் வரும். அதோடு கோடையும் இறுகிவிடும். ஆகவே ஒவ்வொரு வருடமும் அதற்கு முன்னமே நான்கையும் துப்புரவாக்கி முடிப்பது என்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம்.

படம் வந்த பிறகு நடந்ததை நீங்கள் வந்து கேட்டிருந்தால் சந்தையில் யாரும் சொல்லியிருப்பார்கள். அந்த இடங்களில் குப்பை விழுவது நின்றது. மாடு கட்டுவது நின்றது. "என்ர பேத்தி கீறின கொக்கு, அதில துப்பாத தம்பி" என்று மரக்கறி விற்கிற அம்மா ஆட்களை மறிப்பதை நான் கேட்டிருக்கிறேன். சந்தையில் எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் நான்கும் எங்கே நிற்கின்றன என்று ஓடிப்போய்க் காட்டும். முன்னர் பெரியவர்களுக்கே தெரியாமல் இருந்த விஷயம் இது. அலங்காரம் எதற்கு என்று உங்கள் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டதாக அறிந்தேன். இதற்குத்தான், ஐயா. ஊருக்கு அந்த இடம் மனதில் பதிய வேண்டும் என்பதற்குத்தான்.

இன்னொன்றும் செய்தோம். இங்கிலாந்தில் குழாய் இருக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் மஞ்சள் பலகை ஒன்று வைப்பார்கள். அதில் மேலே உள்ள எண் நிலத்துக்குக் கீழே போகும் குழாயின் விட்டம், மில்லிமீற்றரில். கீழே உள்ள எண் பலகையில் இருந்து குழாய் எத்தனை மீற்றர் தூரம் என்பது. இரவில், புகையில், வெளியூரில் இருந்து வருகிற வண்டிக்காரருக்கு அது ஒன்றே வழிகாட்டி. அதைப் பார்த்து நாங்களும் தகரத்தில் மஞ்சள் பலகைகள் செய்து, தூரத்தை மட்டும் எழுதி, சுவர்க்காரரின் சம்மதத்தோடு பூட்டினோம். நிலத்துக்குள் இருக்கும் நான்காவது குழாய்க்கு அந்தப் பலகை மட்டும்தான் அடையாளம்.

இவ்வளவும் நடந்தது எந்தக் காலத்தில் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும்வரை எங்கள் சபையில் தவிசாளர் இல்லை, உறுப்பினர் இல்லை. வட்டாரத்துக்கு ஒரு பிரச்சினை என்றால் யாரிடம் போவது என்று தெரியாமல் சனம் நின்ற காலம். அந்தக் காலத்தில் இந்தக் குழாய்களைப் பார்த்தது தையல்காரியும் பிளம்பரும் சைக்கிள் கடைக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். பிறகு வரிசையில் நின்று வாக்களித்து உங்களைத் தெரிவு செய்தோம். எங்கள் சபை வந்துவிட்டது, இனி பெயின்ற் காசுக்காவது ஒரு வழி பிறக்கும் என்று நினைத்திருந்தோம். வந்தது தடைக் கடிதம்.

கடிதம் வந்த கையோடு சபைத் தொழிலாளர் இருவர் பெயின்ற் வாளியோடு வந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. "அக்கா, மேல சொன்னதைத்தான் நாங்கள் செய்யிறம்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். மீன்கொத்தி, கொக்கு, பனை எல்லாவற்றுக்கும் மேலே தடிப்பாக ஒரே சிவப்பு. துரு தட்டவில்லை. நாடா சுற்றவில்லை. வாய் மூடி, புரி, சங்கிலி, சாவி முனை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இழுப்பில் அடித்தார்கள். மூடிக்கும் குழாய்க்கும் நடுவில் இருந்த கோடு தெரியாமல் போனதை நான் கிட்ட நின்று பார்த்தேன். "தம்பி, புரிக்குள்ள பெயின்ற் போகுது" என்றேன். மேற்பார்வைக்கு வந்தவர் என்னைக் கடைக்குள் போகச் சொன்னார். மஞ்சள் பலகைகளைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அதே மாதம் வடிகானும் நடைபாதையும் போடுகிற ஒப்பந்தக்காரர் வந்தார். பலகை இல்லை, ஆகவே நான்காவது குழாய் இருக்கிறது என்றே அவருடைய ஆட்களுக்குத் தெரியாது. இரும்பு மூடிக்கு மேலே கொன்கிறீட் போட்டு மட்டம் செய்துவிட்டுப் போனார்கள். நாங்கள் அலுவலகத்துக்கு அறிவித்தோம். பஸ் தரிப்பிடப் பக்கம் இருக்கும் குழாய்க்கு முன்னால் ஓட்டோத் தரிப்பிடம் என்று ஒரு பலகை நட்டீர்கள். அதையும் அறிவித்தோம்.

ஆவணியில் ஒரு மத்தியானம் சந்தைக்குப் பின்னால் யாரோ மட்டைப் பெட்டிகளைக் குவித்து எரித்தார்கள். சோளகம் அதைத் தூக்கிக் கிடுகு வேலியில் போட்டது. வேலியில் இருந்து பழக்கடைக் கொட்டில், கொட்டிலில் இருந்து சைக்கிள் திருத்துகிற கடை. சைக்கிள் கடையில் ரயரும் ரியூப்பும். கறுப்புப் புகையில் பக்கத்தில் நிற்கிற ஆளின் முகம் தெரியவில்லை. கடைக்காரர் எல்லோரும் பூட்டை உடைத்துச் சாமான்களை வீதியில் எறிந்தார்கள். நான் தைத்து முடித்த கலியாணச் சட்டைகளை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

தீயணைப்பு வண்டி தாமதிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். வந்த பிள்ளைகள் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். வண்டியில் இருந்த தண்ணீர் முடிகிற நேரம் ஒருவர் என் கடைக்கு முன்னால் உள்ள குழாய்க்கு ஓடினார். மூடியைத் திருகினார். அசையவில்லை. சாவியைப் போட்டுத் தட்டினார். இன்னொருவர் வந்து சுத்தியலால் அடித்தார். பெயின்ற் செதில் செதிலாகக் கழன்றதே தவிர மூடி கழரவில்லை. பஸ் தரிப்பிடப் பக்கத்துக் குழாய்க்கு ஓடினால் முன்னால் ஓட்டோக்கள், சாரதிகள் எல்லோரும் நெருப்புப் பக்கம் ஓடியிருந்தார்கள். தள்ளி எடுத்துப் பார்த்தால் அங்கேயும் அதே ஒட்டிய மூடி. மூன்றாவதும் அப்படித்தான். நான்காவது எங்கே என்று கேட்டார்கள். கொன்கிறீட்டைக் காட்டினோம்.

கடைசியில் சனம்தான் கோயில் கிணற்றில் இருந்து வாளி வாளியாக அள்ளிக் கைமாற்றியது. பிறகு குடிநீர்ப் பவுசர் வந்தது. பழக்கடையும் சைக்கிள் கடையும் மிஞ்சவில்லை. உயிர்ச்சேதம் இல்லை. காற்று அன்றைக்குப் பின்னேரம் தணிந்ததால் புடவைக் கடை வரிசை தப்பியது. அவ்வளவுதான் காரணம், வேறு எந்த ஏற்பாட்டாலும் அது தப்பவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு அந்தத் தீயணைப்புத் தம்பி கையில் சிவப்புச் செதில்களோடு என்னிடம் கேட்டார்: "அக்கா, ஆர் இந்த மூடிக்குப் பெயின்ற் அடிச்சது?"

சபை அடித்தது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

உங்கள் கடிதத்தில் இருக்கும் காரணங்களுக்கு வருகிறேன்.

குழாய்கள் சபையின் பொறுப்பில் உள்ள பொதுச் சொத்து என்கிறீர்கள். ஆம். நாங்கள் ஒருநாளும் உரிமை கேட்கவில்லை. ஆனால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றை நிர்வகிப்பதோடு மக்களின் வசதியையும் நலனையும் பாதுகாப்பதையும் சபையின் கடமையாகவே வைத்திருக்கிறது. சொத்து உங்களுடையது என்றால் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் உங்களுடையதுதான். அந்தப் பார்வை இல்லாத இடத்தில்தான் நாங்கள் வந்தோம்.

தொண்டர்கள் பழகினால் தண்ணீர்த் திருட்டு நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் எனக்கு மிகவும் வலித்த வரி. கடந்த கோடையில் ஓர் இரவு, கட்டட வேலைக்குத் தண்ணீர் எடுக்க ஒரு லொறி தாங்கியோடு வந்து குழாயில் சாவி போட்டது. அதைக் கண்டு சத்தம் போட்டு மறித்தது கொக்குப் படத்துக்குக் காவல் இருக்கிற அதே மரக்கறிக்கார அம்மா. அடுத்த நாள் உங்கள் அலுவலகத்துக்கு வந்து முறையிட்டவரும் அவர்தான். கிணறு வற்றி, பவுசர் வருகிற நாளைப் பார்த்துக் குடத்தோடு நிற்கிற சனத்துக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படங்கள் தீயணைப்பு வீரர்களைக் குழப்பும் என்கிறீர்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்மையாகவே இருக்கிறது. அமெரிக்காவில் குழாயின் தலைப்பகுதிக்கும் மூடிகளுக்கும் பூசும் நிறத்தை வைத்தே எவ்வளவு தண்ணீர் வரும் என்று அறிகிற ஒரு முறை உண்டு. அங்குள்ள தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம் பரிந்துரைக்கிற முறை அது. நிமிடத்துக்கு 1500 கலனும் அதற்கு மேலும் என்றால் இளநீலம், 1000 முதல் பச்சை, 500 முதல் செம்மஞ்சள், அதற்கும் குறைவென்றால் சிவப்பு. அப்படி ஒரு முறையை நீங்கள் இங்கே கொண்டுவந்தால் தலைப்பகுதியை நாங்கள் தொடவே மாட்டோம், உடம்பில் மட்டும் வரைவோம். ஆனால் எங்கள் குழாய்களில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று இதுவரை யாராவது அளந்திருக்கிறீர்களா? அளந்ததாக எங்களுக்கு ஒரு தாளும் காட்டப்படவில்லை. மீன்கொத்தியால் வருகிற குழப்பத்தைவிட இதுதான் பெரிய ஆபத்து.

பிள்ளைகள் வீதியோரத்தில் நிற்பது பாதுகாப்பில்லை என்பது நியாயமான கவலை. அதற்குத் தடை வேண்டாம், நிபந்தனை வையுங்கள். வாகனம் குறைந்த ஞாயிறு காலை மட்டும், பெரியவர் இருவர் கூட நிற்க வேண்டும், வீதிப் பக்கம் கயிறு கட்ட வேண்டும் என்று எழுதுங்கள். கையெழுத்து வைத்துத் தருகிறோம்.

இது எங்கும் நடக்காத புதுமையும் இல்லை. பொஸ்ரன் நகரத்தில் பனி கொட்டினால் குழாய்கள் புதைந்துபோகும். 2011 இல் அங்கே ஒவ்வொரு குழாயையும் ஒருவர் பொறுப்பேற்றுப் பனியை அள்ளி ஒதுக்க இணையத்தில் பதிவு செய்கிற முறை வந்தது. அதே முறையை ஹொனலூலு நகரம் எடுத்து, சுனாமி எச்சரிக்கைச் சங்குகளின் பற்றரி களவு போகிறதா என்று பார்க்கும் வேலையை மக்களிடம் கொடுத்தது. 1976 இல் அமெரிக்கா தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது ஊர் ஊராகச் சனம் குழாய்களுக்குச் சிப்பாய்ச் சட்டையும் முகமும் வரைந்தது. பணமும் ஆட்களும் நிறைந்த நகரங்களே குடிமக்களின் கையை ஏற்றுக்கொள்கின்றன. முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் எங்கள் உறவுகளுக்குச் சுனாமி என்ன என்று தெரியும், அந்தச் சங்குக் கதையைச் சொன்னபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இங்க அப்பிடி எங்களிட்டத் தருவாங்களோ?" என்பதுதான்.

எங்கள் இளைஞர்கள் எதைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதையும் நினையுங்கள். போரில் விழுந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி ஏ9 வீதியோரத்தில் சரிந்து கிடந்ததைப் பஸ் யன்னலால் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களே ஞாயிற்றுக்கிழமை நித்திரையை விட்டு, சொந்தக் காசில் தூரிகை வாங்கி, பொதுக் குழாய் ஒன்றைப் பராமரிக்க வருகிறார்கள். வேலை தேடி வெளிநாடு போகவே எல்லோரும் துடிக்கிறார்கள் என்று மேடைகளில் கவலைப்படுகிறீர்கள். ஊருக்கென்று ஒரு வேலையை எடுத்துச் செய்தவர்களுக்குச் "சேதப்படுத்தல்" என்று கடிதம் அனுப்பினால் அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு இங்கே நிற்பது?

நான் கேட்பவை இவை.

தடைக் கடிதத்தை மீளப்பெறுங்கள். அதற்குப் பதிலாகச் சபைக்கும் சனசமூக நிலையத்துக்கும் இடையில் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்யுங்கள். துப்புரவு, பற்றை வெட்டல், உடம்புப் பகுதிக்கு நிறம், படம், மஞ்சள் பலகை ஆகியவை தொண்டர்களுடையவை. வால்வு, தண்ணீர், திருத்தம் ஆகியவை உங்களுடையவையும் நீர்வழங்கல் பொறியியலாளருடையவையும். சபையின் ஆட்கள் நிறம் பூசினாலும் புரிக்கும் மூடிக்கும் நாடா சுற்றித்தான் பூச வேண்டும் என்று அதில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

நான்காவது குழாய்க்கு மேலே இருக்கும் கொன்கிறீட்டை வெட்டி, மூடியை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துங்கள். இனி எந்த ஒப்பந்தக்காரருக்கும் வேலை கொடுக்கும்போது குழாய்கள் இருக்கும் இடங்களைக் காட்டிய பிறகே தோண்ட விடுங்கள். ஓட்டோத் தரிப்பிடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஓட்டோச் சாரதிகளோடு பேசிவிட்டோம், அவர்களுக்கு மறுப்பு இல்லை. கழற்றிக் கொண்டுபோன பலகைகள் உங்கள் களஞ்சியத்தில் கிடக்கின்றன. அவற்றைத் திருப்பித் தாருங்கள்.

தீயணைப்புப் பிரிவினரையும் நீர்வழங்கல் பொறியியலாளரையும் அழைத்து நான்கு குழாய்களிலும் நீரோட்டத்தை அளவிடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பதைச் சந்தை அறிவித்தல் பலகையில் எழுதிப் போடுங்கள். வருடந்தோறும் கோடை இறுக முன்னம் அதைத் திரும்பச் செய்யுங்கள்.

பழக்கடைக்காரருக்கும் சைக்கிள் கடைக்காரருக்கும் நட்டஈடு பற்றிச் சபையில் பேசுங்கள். மூடி திறந்திருந்தால் அந்தச் சைக்கிள் கடையாவது மிஞ்சியிருக்கும் என்று தீயணைப்புப் பிரிவினரே எங்கள் முன்னால் சொன்னார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடையைத் திரும்பக் கட்டும்வரை அவர்கள் இருவரிடமும் சந்தை வாடகை வாங்காமலாவது விடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விடயத்தைச் சேர்த்து, எங்கள் தரப்பில் இருவர் வந்து பேச அனுமதி தாருங்கள். அந்தக் கூட்டம் முடிந்தும் பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்போம். தடையை முன்மொழிந்தவர் யார், எந்தத் தொழில்நுட்ப ஆலோசனையின் பேரில் அது நிறைவேறியது, நடப்பட்ட நாளில் இருந்து இந்தக் குழாய்களுக்கு என்ன பராமரிப்பு நடந்தது என்று கேட்போம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஒட்டிப்போன மூடிகளைக் கழற்றுகிற வேலை மட்டும் எந்தக் கூட்டத்துக்காகவும் காத்திருக்கக் கூடாது. சோளகம் இன்னும் ஓயவில்லை, மூன்று மூடிகளும் இன்றைக்கும் ஒட்டித்தான் இருக்கின்றன. பொறியியலாளர் முன்னிலையில் இந்த வாரமே அவற்றைக் கழற்றி, புரியைச் சுரண்டி, கிறீஸ் வைத்துப் பூட்டுங்கள்.

இப்படிக்கு,
சந்தைத் தையல்கடைக்காரி,
சனசமூக நிலையத் தொண்டர்களின் சார்பில்